விலக்கில் இறங்கி ஊருக்குள் நடந்தால்

மதுரையிலிருந்து தெற்கே போகும் பேருந்தில் நடத்துனர் "விலக்கெல்லாம் இறங்கு" என்று குரல் கொடுப்பார். கோயம்புத்தூர்ப் பக்கம் அதே மாதிரி இடத்துக்குப் 'பிரிவு' என்று பெயர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 'கூட்டுரோடு'. திருவாரூர்ப் பக்கம் 'கைகாட்டி'. பெயர்தான் வேறு, பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் போகும் சின்னச் சாலை பிரிகிற இடம் அது. இறங்கினால் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, துருப்பிடித்த பெயர்ப்பலகை. ஊர் எங்கே என்று கேட்டால், "உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் போகணும்" என்பார்கள்.

ஊர் ஏன் சாலையில் இல்லாமல் உள்ளே இருக்கிறது? சாலை பிறகு வந்தது. ஊர் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

பள்ளிப் புவியியல் பாடத்தில் குடியிருப்புகளைச் செறிந்தவை, சிதறியவை, நேர்கோட்டில் அமைந்தவை, வட்டமானவை என்று பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவுகளில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படங்களை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, தன் ஊர் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது. வீடுகளை ஓர் இடத்தில் கூட்டியதும் கலைத்ததும் தண்ணீர். கூட்டிய வீடுகளுக்கு நடுவே இடைவெளி போட்டது சாதி. இப்போது அந்த இடத்தைக் கிராமம் என்பதா நகரம் என்பதா என்று முடிவு செய்வது அரசாங்கத்தின் கோப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் தமிழ்நாட்டில் எந்தக் குடியிருப்பையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். காவிரி டெல்டாவில் வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டி என்று ஆறுகள் பிரிந்துகொண்டே போகும். ஆறு வெள்ளத்தில் கொண்டுவந்து போட்ட மண்ணால் கரையோரம் மேடாக இருக்கும். கரையை விட்டு விலக விலக நிலம் பள்ளமாகும். வீடு மேட்டில், வயல் பள்ளத்தில். முப்போகம் விளையக்கூடிய மண்ணில் வீடு கட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் ஆற்றோரமும் வாய்க்காலோரமும் தெரு நீளமாக ஓடுகிறது. ஓர் ஊர் முடிந்ததும் அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. பாடப்புத்தகம் சொல்லும் நேர்கோட்டுக் குடியிருப்பு இதுதான்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கதையே வேறு. மழை பெய்தால்தான் தண்ணீர். பயிருக்குக் கண்மாய், குடிக்க ஊருணி. ஊருணியில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக் காப்பாற்றுவார்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஊரே ஓர் ஊருணியை நம்பி இருக்கும்போது வீடுகள் எப்படி விலகிப் போகும்? நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கொத்தாக இருக்கும். அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கருவேலங்காடும் மானாவாரி நிலமும்தான். அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் ஏந்தல் என்றும் குளம் என்றும் ஊருணி என்றும் முடிவது சும்மா இல்லை.

கொங்குப் பகுதிக்கு வந்தால் அந்தக் கொத்து கலைந்துவிடுகிறது. பெரிய ஆற்றுப் பாசனம் எட்டாத இடங்களில் ஒவ்வொரு குடும்பமும் தன் தோட்டத்திலேயே கிணறு வெட்டிக்கொண்டது. எருது பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் கவலை என்ற ஏற்பாடு இருந்த காலத்தில், விடியும் முன்பே இறைப்பைத் தொடங்க வேண்டும். ஊருக்குள் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் எருதை ஓட்டிக்கொண்டு வந்து போனால் வேலை ஆகாது. அதனால் வீடும் கிணற்றடிக்கே வந்துவிட்டது. தோட்டத்துச் சாளை என்று அதைச் சொல்வார்கள். கவலை போய் மோட்டார் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் எழுந்து போய் மோட்டாரைப் போட வேண்டும், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு மடை மாற்ற வேண்டும். அடுத்த வீடு எங்கோ தூரத்தில் ஒரு விளக்குப் புள்ளியாகத் தெரியும். மளிகைக்கும் கோயிலுக்கும் கிளம்பும்போது அங்கே இருப்பவர்கள் "ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் தோட்டம் வேறு, ஊர் வேறு.

சிதறி வாழ்வதற்கு ஒரு விலை இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரி அருகே இதேபோல் ஒரு முதிய தம்பதி. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், பண்ணையாட்களும் இல்லை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை. ஆள் நிறைந்த கூட்டுக் குடும்பத்துக்காக அமைந்த குடியிருப்பு வடிவத்தில் இன்று இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். 'சிதறிய குடியிருப்பு' என்ற பாடத்தை நடத்தும் ஆசிரியர் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும். பட்டி என்றால் முதலில் ஆடு மாடு அடைக்கும் இடம். அதைச் சுற்றி மனிதர்களும் தங்கி ஊரானது. பாளையம் படை இறங்கிய இடம். குப்பம் மீனவர் குடியிருப்பு. மங்கலம் என்று முடிந்தால் பெரும்பாலும் பிராமணர்களுக்கு அரசர்கள் தானமாகக் கொடுத்த ஊர். சரி, சேரி?

இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். சேர்ந்து இருக்கும் இடம் சேரி. சங்கப் பாடல்களில் அந்தச் சொல்லில் இழிவு கிடையாது. சோழர் காலத்துப் பிராமண ஊர்களில்கூடத் தெருத் தொகுதிகளுக்குச் சேரி என்ற பெயர் இருந்தது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால் இன்னொரு பொருளும் அப்போதே உருவாகிவிட்டது தெரிகிறது. கோயிலுக்கு வரி கொடுக்க வேண்டிய ஊர்களைப் பட்டியலிடும்போது, எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கழித்துக் காட்டுகிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் குடியிருந்த கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று அந்தக் கழிவு ஊருக்கு ஊர் நீள்கிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நத்தம் தனி, பறைச்சேரி தனி. ஒரே ஊரின் நிலக் கணக்கில் இரண்டும் தனித்தனிப் பதிவு.

இன்றைக்கும் டெல்டாவில் ஒரு ஊரின் வரைபடத்தை வரைந்தால் இதே அமைப்புதான் வரும். கோயிலை ஒட்டி அக்கிரகாரம் இருக்கும், அல்லது அக்கிரகாரமாக இருந்த தெரு இருக்கும். அப்புறம் குடியானத் தெருக்கள். அப்புறம் வயல். வயலைத் தாண்டி, பெரும்பாலும் பள்ளமான இடத்தில், சேரி. மழைக்காலத்தில் தண்ணீர் முதலில் ஏறுவதும் கடைசியில் வடிவதும் அங்கேதான். அங்கிருந்து சவத்தைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போக வரப்பைத் தவிர வேறு வழி இல்லாமல், நடவு முடிந்த வயலில் இறங்கி நடந்த ஊர்கள் உண்டு. அந்த வயல் யாருடையதோ, வழி விடுவதும் மறுப்பதும் அவர் கையில்.

வீடு நிற்கும் மண்ணும் அவர்களுடையதாக இருந்ததில்லை. பண்ணையாள்களின் குடிசைகள் மிராசுதாரின் நிலத்தில் நின்றன. கூலி உயர்வு கேட்டால் முதல் மிரட்டலே "குடிசையைக் காலி பண்ணு" என்பதுதான். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது இப்படிப்பட்ட ஒரு சேரியில், ஒரு கூலிப் போராட்டத்தின் நடுவே. விவசாயத் தொழிலாளிக்குத் தன் குடிசை இருக்கும் மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. குடியிருப்பு என்ற சொல்லைப் புவியியல் பாடத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சட்டம்தான் நினைவுக்கு வரும். குடியிருக்கும் இடத்துக்கு உரிமை கிடைப்பதற்கே எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

பிறகு 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிலம் எடுத்து ஆதிதிராவிடர்களுக்கு மனை கொடுத்தது. கூரை போய் கான்கிரீட் வந்தது. இடம் பெரும்பாலும் ஊருக்கு வெளியேதான். பெயர் காலனி ஆனது. சேரிக்கு என்ன பொருள் வந்து ஒட்டியதோ, கொஞ்ச நாளில் காலனிக்கும் அதே பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெயரை நீக்குவது நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் ஊருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே கிடக்கும் வயலின் அகலம் அதனால் ஓர் அடிகூடக் குறையாது.

அந்த அகலத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்த ஒரே பெரிய முயற்சி சமத்துவபுரம். முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள்: ஆதிதிராவிடர்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வீடுகளைக் கலந்தே ஒதுக்கினார்கள், சுடுகாடும் பொது. தமிழ்நாட்டில் தண்ணீரையோ நிலத்தையோ பார்க்காமல், பக்கத்து வீட்டில் யார் இருக்க வேண்டும் என்பதை முன்வைத்து அமைந்த குடியிருப்பு வகை இது ஒன்றுதான். பல இடங்களில் வீடு கைமாறிப் போனதும் பராமரிப்பு இல்லாமல் போனதும் உண்மை. ஆனாலும் அந்த யோசனையின் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

மலையும் கடலும் தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருக்கின்றன. நீலகிரியில் தோடர்களின் மந்து நாலைந்து வீடும் ஓர் எருமைத் தொழுவமும் கொண்டது. படுகர்களின் ஹட்டியில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்கும். தேயிலை வந்ததும் எஸ்டேட் லைன் வீடுகள் வந்தன. தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களுக்கு இலங்கை மலையகத்தில் கிடைத்ததும் அதே லைன்தான். அங்கே அதை லயம் என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று நீளமாகப் போகும். கடற்கரைக் குப்பத்தில் வீடு மணலை விட்டு விலகாது. கடலின் நிறத்தையும் காற்றையும் வீட்டு வாசலிலிருந்தே பார்க்க வேண்டும், வலை உலர்த்த இடம் வேண்டும், கட்டுமரம் கண்பார்வையில் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு உள்ளே தள்ளி வீடு கட்டிக் கொடுத்தபோது பல மீனவர்கள் தயங்கியதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு மணல்வெளி என்பது பாதி வீடு, பாதி தொழிற்கூடம்.

இனி நகரம். நம் பழைய நகரங்கள் கோயிலையோ கோட்டையையோ துறைமுகத்தையோ ஒட்டி வளர்ந்தவை. மதுரை இதற்குக் கச்சிதமான உதாரணம். நடுவில் மீனாட்சி கோயில், அதன் மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி. மாதப் பெயர்களால் ஆன சதுரங்கள், ஒன்றுக்குள் ஒன்று. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு கிடைத்த இடத்தில் வெளி வீதி வந்தது. வீதிகளுக்கு நடுவே எழுத்தாணிக்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு என்று தொழிலுக்கொரு தெரு. கிராமத்தில் வயல் பிரித்ததை இங்கே தெரு பிரித்தது.

கோட்டைக்கு வெளியே சந்தையும் பட்டறையுமாக உருவானது பேட்டை. 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். வண்ணாரப்பேட்டையும் கம்பெனித் துணியை நம்பிப் பிறந்ததுதான். இருநூறு ஆண்டுகள் கழித்து கிண்டியில் தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்கியபோது வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை: தொழிற்பேட்டை.

சென்னை தனியாக முளைத்த நகரம் இல்லை. 1639க்கு முன்பே மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் எழும்பூரும் இருந்தன. கம்பெனியின் கோட்டை அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கியது. விழுங்கிய ஊர்களின் ஏரிகளும் சேர்ந்தே போயின. 1920களில் தியாகராய நகர் எழுந்தது ஏரி இருந்த இடத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரி இல்லை, கரையும் இல்லை.

நகரத்துக்குள் எப்படிக் குடியிருக்கிறோம் என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு: சென்னையில் ஒண்டுக்குடித்தனம், தெற்கே வளவு, காம்பவுண்டு வீடு, திருப்பூரில் லைன் வீடு. எஸ்டேட்டின் அதே லைன், பனியன் கம்பெனித் தொழிலாளிக்காகத் திரும்பி வந்திருக்கிறது. எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவே துணி காயும் ஒரு சந்து, கடைசியில் பொதுக் கழிப்பறை, எல்லாருக்கும் ஒரு குழாய். காலையில் வேலைக்குக் கிளம்பும் அரை மணி நேரத்தில் அந்தக் குழாயடியில் நிற்கும் குடங்களின் வரிசையைப் பார்த்தால் நகர நெருக்கடி என்றால் என்ன என்று புரியும்.

சரி, எது நகரம்? அரசு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அறிவித்துவிட்டால் அது நகரம். இல்லாவிட்டாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது: குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் விவசாயத்துக்கு வெளியே. மூன்றும் பொருந்தினால் அது கணக்கெடுப்பு நகரம். 2001இல் தமிழ்நாட்டில் இப்படி 111 ஊர்கள் இருந்தன, 2011இல் 376. அந்த ஆண்டு மாநில மக்களில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள் என்று கணக்கு வந்ததற்கு இவையும் ஒரு காரணம்.

மூன்றாவது நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஆண்கள் மட்டும். ஆண்கள் எல்லாம் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டு, பெண்கள் களை எடுத்துக்கொண்டும் நாற்று நட்டுக்கொண்டும் இருக்கும் ஊர் எத்தனையோ உண்டு. இந்த அளவுகோலின்படி அந்த ஊரும் நகரம். வயலில் குனிந்து நிற்பவர்கள் பெண்கள் என்பதால் அந்த வயல் கணக்கில் வரவில்லை. இவ்வளவு காலமாகியும் இதை மாற்றாமல் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்கெடுப்பு நகரம் என்ற பட்டத்தால் அந்த ஊருக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. நிர்வாகத்தில் அது ஊராட்சிதான். பாதாளச் சாக்கடையும் குப்பை லாரியும் நகராட்சிக்கு. இதற்கு ஊராட்சியின் சின்ன வருமானம். ஆனால் ஊராட்சியாக இருப்பதில் வேறு ஒரு பலன் உண்டு: ஊரகத் திட்டங்களின் பணம். 2004இல் தமிழ்நாடு அரசு ஐநூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை இதற்காகவே 'சிறப்புக் கிராம ஊராட்சி' என்று மாற்றியது. 2006இல் அவை மறுபடி பேரூராட்சிகள் ஆயின. இரண்டு ஆண்டுகளில் ஒரு வீடுகூட இடம் மாறவில்லை. லட்சக்கணக்கானவர்கள் நகரத்திலிருந்து கிராமத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அண்மையில் புதிய மாநகராட்சிகளோடு பக்கத்து ஊராட்சிகளைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் பெண்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். நகரமானால் வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான் அவர்களின் கவலை. நகரம் என்ற கௌரவத்தை வைத்துக்கொண்டு அவர்கள் அரிசி வாங்க முடியாது.

2011இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் அதற்குள் வந்தன. அப்படி உள்ளே வந்த ஓர் இடத்தில் இருக்கிறது கண்ணகி நகர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000 முதல் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் எட்டு மாடிக் கட்டடங்களாகப் பெரும்பாக்கம். நிலம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பகுதி. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். போனவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பழைய இடத்தில் பத்து நிமிடத்தில் நடந்து போய்ச் சேர்ந்த வீடுகளுக்கு இப்போது இருள் பிரியும் முன்பே பேருந்து ஏறுகிறார்கள். வீடு பட்டியலில் நகர்ப்புறக் குடியிருப்பு. வேலை செய்யும் தெரு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் வயல் மட்டும் இல்லை.